மஞ்சள் காமாலையும் ஒன்பது பாட்டும்



"எனக்குப் பிடித்த பாடகர்" என்று எழுதித் தரச் சொன்னார்கள். எஸ்.பி.பி., சித்ரா அம்மா பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எழுதப்போவது ஜஸ்டின் வெர்னன் பற்றி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். "இவன் பீட்டர் விடுறான்டா" என்று அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். ரெண்டு நிமிஷம் நில்லுங்கள், ப்ளீஸ்!

முதலில் என் கதை. ஒன்பதாம் வகுப்பு வரை நான் இறைவணக்கக் குழுவில் முன்வரிசையில் பாடியவன். பத்தாம் வகுப்பில் குரல் உடைந்தது. "மகரக்கட்டுல, எல்லாப் பயலுக்கும் வாரதுதான்" என்று ஆச்சி சொன்னாள். ஆனால் எல்லாப் பயலுக்கும் மைக் முன்னால் வருவதில்லையே! ஒருநாள் தமிழ்த்தாய் வாழ்த்தில் மேலே போகிற இடத்தில் என் தொண்டையிலிருந்து சேவல் கூவியது. மைதானமே சிரித்தது. (சிரித்தவர்கள் பட்டியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.) யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மறுநாள் நானாகவே வகுப்பு வரிசையில் போய் நின்றுகொண்டேன். அதற்கப்புறம் குளிக்கும்போதுகூட நான் பாடியதில்லை.

போன நவம்பரில் மஞ்சள் காமாலை வந்து மூணு வாரம் படுக்கை. எண்ணெய் கிடையாது, வெளியே போகக் கூடாது. காலையில் கீழாநெல்லி, மத்தியானம் மோர்ச்சோறு, ராத்திரி இட்லி, மறுபடி கீழாநெல்லி! பார்க்க வந்த பெரியப்பா மகன் அண்ணன், தன் பழைய போனையும் ஹெட்போனையும் கொடுத்துவிட்டுப் போனான். "இதுல ஒரு ஆல்பம் இருக்கு. உன்னைய மாதிரியே லிவர் கெட்டுப்போய்க் கிடந்த ஆளு பாடுனது. கேளு" என்றான்.

அந்த ஆல்பம்தான் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ'. மொத்தம் ஒன்பது பாட்டு, 37 நிமிஷம்.

அண்ணன் சொன்னது நிஜம்தான். வெர்னன் நண்பர்களோடு வட கரோலினாவில் ஒரு குழு வைத்திருந்தார். 2006-இல் அது கலைந்தது. காதலும் முறிந்தது. கூடவே ஒரு காய்ச்சல் வந்து கல்லீரல் வரைக்கும் தாக்கியது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, விஸ்கான்சின் காட்டுக்குள் அவர் அப்பாவுக்கு இருந்த வேட்டைக் குடிலுக்குப் போய்விட்டார். 2006 கடைசியிலிருந்து 2007 தொடக்கம் வரை, சுமார் மூணு மாதம், பனியில் தனியாக இருந்தார். விறகு வெட்டினார், மான் வேட்டையாடிச் சாப்பிட்டார். (அங்கே அதற்குச் சட்டப்படி சீசன் உண்டு. நம்ம ஊரில் செய்தால் ஜெயில்!) ஆல்பம் போட வேண்டும் என்று அவர் போகவில்லை. கையிலிருந்த சாதாரண மைக், கிடார், கம்ப்யூட்டர் இவற்றை வைத்துச் சும்மா பதிவு செய்ய ஆரம்பித்தார்.

இதில்தான் எனக்கு ஆச்சரியமே இருக்கிறது. அதுவரை அவர் தாழ்ந்த, கனமான குரலில் பாடியவர். குடிலில் அதை விட்டுவிட்டு உச்சியில், பெண் குரல் மாதிரி மெலிதாகப் பாடினார். நம்ம சங்கீதத்தில் இதைக் கள்ளக்குரல் என்பார்கள், அதை ஒரு குறையாகத்தான் சொல்வார்கள். அவர் அதையே பல தடவை பாடிப் பதிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். கேட்டால் கோயிலில் ஒரு கூட்டமே பாடுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் முழுக்க ஒரே ஆள்! சில இடங்களில் வருகிற ட்ரம்பெட் மாதிரியான வாத்தியங்கள் மட்டும் பிறகு மற்றவர்கள் வாசித்துச் சேர்த்தவை.

பாட்டு எழுதிய விதமும் வேறு. முதலில் வார்த்தையே இல்லாமல் வாய்க்கு வந்த ஓசையில் மெட்டைப் பாடிப் பதிவாராம். பிறகு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த ஓசை எந்த வார்த்தை போலக் காதில் விழுகிறதோ அதை எழுதுவாராம். அதனால்தான் அர்த்தம் பளிச்சென்று தெரியாது. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே அப்படித்தான் என்று அண்ணன் சொன்னான். எனக்கு ஒரே நிம்மதி! எனக்குப் புரியாதது என் இங்கிலீஷ் மார்க்கால் மட்டும் இல்லை.

நாலாவது பாட்டு 'தி வுல்வ்ஸ்'. மெதுவாக ஆரம்பித்து, ஒரே வரியைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் தடதடவென்று எதையோ போட்டு உடைக்கிற மாதிரி ஆகிவிடும். அதைக் கேட்டு முடித்தபோது தலையணை நனைந்திருந்தது. காய்ச்சல் வியர்வை என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஆச்சி ஒருநாள் "என்னத்தலே எந்நேரமும் கேக்க?" என்று வந்தாள். ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இந்தப் புள்ள நல்லாப் பாடுதா."

"ஆச்சி, அது ஆம்பளை."

"ஆம்பளையா? இருக்கட்டும். நல்லாத்தான பாடுதான்!"

அவ்வளவுதான் சொன்னாள். குழம்பு கொதிக்கிறது என்று போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆல்பம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007-இல் அவரே 500 சி.டி. போட்டு வெளியிட்டார். பெரிய கம்பெனி இல்லாமல் இப்படித் தானாகச் செய்வதைத்தான் 'இண்டி' என்கிறார்கள். கேட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிப் பரவி, 2008-இல் ஜாக்ஜாகுவார் என்ற சின்ன நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டது. 2012-இல் கிராமி விழாவில் 'சிறந்த புதுமுகம்' பரிசு கொடுத்தார்கள். முதல் ஆல்பம் வந்து ஐந்து வருஷம் கழித்துப் புதுமுகமாம்! அதற்கு முன்பே, 2011-இல், இங்கிலாந்தில் பேர்டி என்ற 14 வயசுப் பெண், இதிலுள்ள 'ஸ்கின்னி லவ்' பாட்டை பியானோவோடு பாடிப் புகழ் பெற்றுவிட்டாள். பதினாலு வயசு! நம்ம ஒன்பதாம் வகுப்பு!

இன்னொரு விஷயம். அவர் பாடுகிற பெயர் 'போன் ஈவேர்'. பிரெஞ்சில் 'நல்ல குளிர்காலம்' என்று வாழ்த்துவதிலிருந்து வந்தது. படுக்கையில் கிடந்தபோது பார்த்த ஒரு டி.வி. தொடரில் கேட்டாராம். பிரெஞ்சில் குளிர்காலத்துக்கான சொல் 'ஹ' எழுத்தில் தொடங்கும். எழுதிப் பார்த்தால் அது 'லிவர்' மாதிரியே இருந்து வியாதியை ஞாபகப்படுத்தியது என்று அந்த எழுத்தைத் தூக்கிவிட்டார். இதைப் படித்துவிட்டு கீழாநெல்லி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் அம்மா பயந்துவிட்டாள்.

குறை இல்லாமல் இல்லை. ரெண்டு பாட்டு எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது. குத்துப்பாட்டுப் பிரியர்களுக்குச் சத்தியமாகத் தூக்கம் வரும். பஸ்ஸில் கேட்டால் ஒன்றுமே கேட்காது. ராத்திரியில், தனியாகக் கேட்க வேண்டும்.

மூணாவது வாரம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், போனில் பதிவு செய்து பார்த்தேன். வார்த்தை இல்லை, வெறும் மெட்டு. முதலில் இப்போதைய தகரக் குரலில் கீழே பாடினேன். அதன்மேல் இன்னொரு தடவை, கள்ளக்குரலில் மேலே. மொத்தம் நாலு தடவை. ரெண்டாவதில் சேவல் கூவியது, அழிக்காமல் விட்டுவிட்டேன். போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கடையிலிருந்து வந்து, "யாருடா வந்திருக்கா? செருப்பக் காணோமே" என்றாள்.

பாட்டு மிஸ்ஸிடம் போன வாரம் கேட்டுவிட்டேன். கீழ்க்குரலுக்கு ஆளே இல்லை, திங்கட்கிழமை வா என்றார்கள். மேலே போகிற இடம் வரும்போது என்ன வரும் என்று எனக்கே தெரியாது. மைதானத்தில் நிற்பவர்களே, பட்டியலில் இன்னும் இடம் இருக்கிறது!

— பிளஸ் ஒன், 'ஆ' பிரிவு