சம்பந்தியம்மாவின் விளக்கெண்ணெயும் வாத்து இறகும்

அடி ராசாத்தி,

நீ கேட்டிருந்த எதற்கும் இதில் ஒழுங்கான பதில் கிடையாது. முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது. போதுமா? இப்போது வம்புக்கு வருகிறேன்.

எங்கள் சம்பந்தியம்மா கோடை முழுக்க இங்கே ஜெர்மனியில், காஸலில் இருந்துவிட்டுப் போனார் அல்லவா? அந்தம்மாவுக்குத் தலை நிறைய விளக்கெண்ணெய் வைத்தால்தான் தூக்கம் வரும். இவர்கள் வீட்டில் எல்லாமே வாத்து இறகுத் தலையணை. அவர் விமானம் ஏறிய மறுநாள் மருமகள் தலையணை உறையைக் கழற்றினாள். உள்ளே மஞ்சள் பூத்து, நடுவில் தேயிலைக்கறை மாதிரி ஒரு வட்டம். பெற்ற தாய் ஆயிற்றே, ஒரு வார்த்தை பேசவில்லை. “பழசு அத்தை, தூக்கிப் போட்டுவிடலாம்” என்றாள். அதே எண்ணெய் என் தலையிலிருந்து இறங்கியிருந்தால் என்ன பேச்சு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

அதைக் குப்பைக்கு எடுத்துப் போகும்போது எதிர்வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டார். எண்பது தாண்டிய மனுஷி. தெருவில் யார் வீட்டு ஜன்னலில் காலையில் படுக்கை தொங்குகிறது, யார் வீட்டில் இல்லை என்று கணக்கு வைத்திருப்பவர். இந்த ஊர்க்காரர்களுக்கு அது பெரிய விஷயமடி. கிரிம் சகோதரர்கள் வருஷக்கணக்காக வாழ்ந்து கதை சேகரித்த ஊர் இது. 1812இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் ஹோல்லே அம்மாள் என்றொரு கிழவி வருகிறாள். அவள் வீட்டு இறகுப் படுக்கையை நன்றாக உதறினால் பூமியில் பனி பொழியுமாம். ஒழுங்காக உதறிய பெண்ணுக்குத் தங்க மழை, சோம்பேறிக்குத் தலையில் தார். ஊருக்குக் கிழக்கே மைஸ்னர் மலையில் அவள் பெயரில் ஒரு குளமே இருக்கிறது. எங்கள் ஜன்னல் மூடியே கிடப்பதைப் பார்த்துப் பார்த்துப் பாட்டி எங்கள் தலையில் தார் ஊற்றாததுதான் பாக்கி.

தலையணையைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஓரத் தையலை இழுத்துப் பார்த்தார், உள்ளே கையால் பிசைந்து பார்த்தார். “இறகு நன்றாக இருக்கிறது, துவைத்தால் போதும்” என்றார். மருமகள் மொழிபெயர்க்கும்போதே அவள் முகம் சுருங்கியது. நான் ரசித்தேன், மறைக்க என்ன இருக்கிறது?

நீ போடியில் இலவம்பஞ்சுக்கு நடுவில் பிறந்தவள், இதைக் கேட்டால் சிரிப்பாய். நாம் செய்வதற்கெல்லாம் நேர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இலவம்பஞ்சில் தண்ணீர் பட்டால் கட்டி கட்டியாகி உருப்படாது. அதனால்தான் மொட்டை மாடி வெயிலில் போட்டுக் கம்பால் நாலு சாத்து சாத்துகிறோம். இறகை அடிக்கவே கூடாதாம். தண்டு ஒடிந்து தூளாகிவிடும். கொளுத்தும் வெயிலும் ஆகாது, இறகு மொரமொரத்துப் போகும். குளிர்ந்த, ஈரமில்லாத காற்றுதான் வேண்டும். தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வைத்தால் மெல்லிய தூவி துணி வழியாக வெளியே வந்துவிடுமாம். ஆனால் துவைக்கலாம்! எண்ணெயும் வேர்வையும் ஏறிய தலையணைக்கு வேறு வழியும் இல்லை.

இறகும் நம் முடி மாதிரி புரதம்தானே. அதனால் கறையைத் தின்கிற என்சைம் பவுடர் போட்டால் அது இறகையும் கடித்துவிடும். கம்பளித் துணிக்கான திரவ சோப்பு, அதுவும் கொஞ்சமே கொஞ்சம். துணியை மெதுமெதுப்பாக்கும் திரவம் கூடவே கூடாது, இறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உப்பாமல் போய்விடும். தலையணையில் தைத்திருந்த சீட்டில் 60 டிகிரி என்று போட்டிருந்ததால் அந்தச் சூட்டிலேயே ஓட்டினோம், தூசுப்பூச்சியும் செத்துப் போகும் என்று. தனியாக ஒன்றைப் போட்டால் இயந்திரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு குதிக்கும் என்பதால் ஜோடியாகப் போட்டு, கூடுதலாக ஒருமுறை அலசினோம்.

வெளியே எடுத்தபோது என்ன நாற்றம் தெரியுமா! நனைந்த வாத்து வீட்டுக்குள் ஏறி உட்கார்ந்த மாதிரி. காய்ந்தால் போய்விடும் என்றார் பாட்டி. அந்தக் காய்கிறதுதான் பெரும்பாடு. உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் போட்டு, கூடவே டென்னிஸ் பந்துகளையும் போட்டார். அவை முட்டி மோதி இறகுக் கட்டிகளை உடைக்குமாம். வீடு முழுக்கத் தடதட என்று சத்தம், பேரனுக்கு ஒரே குஷி. நடுநடுவே எடுத்துக் கட்டிகளைக் கையால் பிரித்துவிட வேண்டும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் ஒளிந்திருக்கும். அவசரப்பட்டு உறை மாட்டினால் பூஞ்சைதான். சாயங்காலம் ஆகியும் பாட்டி விடவில்லை. ராத்திரியும் காற்றோட்டமாக வைத்து, மறுநாள் இன்னொரு சுற்று ஓட்டினார். வட்டம் மங்கிவிட்டது, முழுசாகப் போகவில்லை. விளக்கெண்ணெய் ஆயிற்றே.

பாட்டியின் சொந்தத் தலையணை இதைவிடப் பெரிய கதை. பழைய ஜெர்மன் அளவு, 80க்கு 80 சென்டிமீட்டர். நனைந்தால் வீட்டு இயந்திரம் தாங்காது. அதற்கென்றே இங்கே இறகு சுத்தம் செய்யும் கடைகள் உண்டு. சில ஊர்களில் வேனிலேயே இயந்திரத்தைக் கொண்டுவந்து நிற்பார்களாம். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கத் தையலைப் பிரித்து, குழாயை உள்ளே விட்டு, அத்தனை இறகையும் உறிஞ்சி ஒரு டிரம்முக்குள் விட்டார்கள். அதற்குக் கண்ணாடி ஜன்னல் வேறு. சூடான ஆவியில் இறகு சுழல்வதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தூசியும் ஒடிந்த தண்டுகளும் தனியே ஒரு பையில் விழுகின்றன. அதைப் பார்த்தால் இத்தனை நாள் இதன்மேலா முகம் வைத்துப் படுத்தோம் என்று இருக்கும். குறைந்த எடைக்குப் புதுத் தூவி சேர்த்து, இறகு வெளியே வராதபடி நெருக்கி நெய்த புது உள்ளுறையில் ஊதி நிரப்பித் தைத்துக் கொடுத்தார்கள். தூவி என்றால் நெஞ்சிலும் வயிற்றிலும் அடியில் இருக்கும் பஞ்சு மாதிரியானது, தண்டே கிடையாது, அதனால் குத்தாது. விலையும் அதற்குத்தான் அதிகம்.

இப்போது மருமகள் எல்லாத் தலையணைக்கும் ஜிப் வைத்த உள்ளுறை வாங்கி மாட்டிவிட்டாள். துவைக்க அதைக் கழற்றினால் போதும். முதலிலேயே செய்திருக்கலாம், யார் கேட்டார்கள்?

உன் தம்பியிடம் ஒரு வேலை சொல்ல வேண்டும். இறகு வேண்டாம் என்கிற சைவக்காரர்களுக்காக இங்கே இலவம்பஞ்சுத் தலையணையும் விற்கிறார்கள். மருமகள் பார்த்துவிட்டு மயங்கிவிட்டாள். என் மகன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். கொட்டை சுத்தமாக எடுத்த பஞ்சில் இரண்டு தலையணை கட்டி அவனிடம் கொடுத்தனுப்பச் சொல். இங்கே அது விற்கிற விலையை மட்டும் உன் தம்பி காதில் போட்டுவிடாதே.

உன்,
பழைய பெஞ்சுக்காரி