நாற்பது பவுண்டுக் கோப்பை

மார்ச் 3, திங்கள்

டார்லிங்டனில் மகள் வீடு. மாப்பிள்ளைக்குக் கால்பந்துப் பைத்தியம். ராத்திரிச் சாப்பாட்டில், "மாமா, முதல் உலகக் கோப்பை ஜெயிச்ச ஊர் எது தெரியுமா?" என்றார். உருகுவே, 1930 என்றேன். "இல்லை. இங்கேயிருந்து அரை மணி நேரத்துல ஒரு நிலக்கரிக் கிராமம். 1909-லயே ஜெயிச்சாச்சு. அப்புறம் கோப்பையை அடகு வெச்சுட்டாங்க" என்றார்.

வங்கியில் நகைக்கடன் கவுண்டரிலேயே பாதி உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். உலகக் கோப்பை என்றதும் வராத ஆர்வம், அடகு என்றதும் வந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

நூலகத்தில் காலை முழுக்கப் போனது. ஊரின் பெயர் வெஸ்ட் ஆக்லாண்ட், டர்ஹாம் மாவட்டம். தேயிலை வியாபாரி சர் தாமஸ் லிப்டன் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த பந்தயத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து நான்கிலிருந்தும் அணிகள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பெரிய கிளப் எதையும் அனுப்ப மறுத்துவிட, அழைப்பு எப்படியோ இந்தச் சிற்றூர் அமெச்சூர் அணிக்கு வந்தது. எப்படி என்பதில்தான் சுவாரசியம். லிப்டனின் ஆள் ‘டபிள்யூ.ஏ.’ என்ற எழுத்துகளைப் பார்த்து, வுல்விச் ஆர்சனலுக்குப் போகவேண்டிய கடிதத்தை வெஸ்ட் ஆக்லாண்டுக்கு அனுப்பிவிட்டார் என்பது ஊர் சொல்லும் கதை. எனக்கு நம்பிக்கை இல்லை. முகவரி மாறிய கடிதத்தை நம்பி யாரும் இத்தாலிவரை வண்டி ஏறமாட்டார்கள். வடக்குப் பகுதி நடுவர் ஒருவர் சிபாரிசு செய்தார் என்று இன்னொரு கதையும் உண்டு. அது கொஞ்சம் நடக்கக்கூடியது.

என்னை நிறுத்தியது வேறு ஒரு தேதி. 1909 பிப்ரவரி 16: இதே மாவட்டத்தில் வெஸ்ட் ஸ்டான்லி சுரங்கம் வெடித்து 168 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வெஸ்ட் ஆக்லாண்டின் சுரங்கத் தொழிலாளர்கள் டூரினுக்குக் கிளம்புகிறார்கள். ஈஸ்டர் சமயம். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. வழிச்செலவுக்கு வீட்டுச் சாமான்களை விற்றார்கள் என்று ஊரில் பேச்சு. அரையிறுதியில் ஸ்டுட்கார்ட் அணியை 2–0. ஏப்ரல் 12, ஈஸ்டர் திங்கள், இறுதி ஆட்டத்தில் வின்டர்தூரையும் 2–0.

1911-இல் மறுபடி அழைப்பு. இடையில் 1910 ஜனவரியில் டர்ஹாம் சுரங்கங்களில் மூன்று ஷிஃப்ட் முறை வந்து வேலைநிறுத்தங்கள் நடந்திருந்தன. அப்பா ஒரு ஷிஃப்ட், பிள்ளைகள் வேறு ஷிஃப்ட். வீட்டுப் பெண்களுக்கு அடுப்பை அணைக்க நேரமில்லை. அந்த நிலைமையிலும் போனார்கள். அரையிறுதியில் ஜூரிச்சை 2–0. இறுதியில் யுவென்டஸை 6–1! இன்று யுவென்டஸ் என்றால் உலகமே அறியும். இரண்டு முறை வென்றதால் கோப்பை ஊருக்கே சொந்தமாயிற்று.

‘முதல் உலகக் கோப்பை’ என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதே டூரினில் 1908-லேயே ஒரு சர்வதேசப் பந்தயம் நடந்து, ஜெனீவாவின் செர்வெட் கிளப் வென்றிருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

மார்ச் 5, புதன்

வெஸ்ட் ஆக்லாண்ட் போய்வந்தோம். நடுவில் நீளமான புல்வெளி, சுற்றிப் பழைய வீடுகள். புல்வெளியில் சுரங்கத் தொழிலாளியையும் கால்பந்து வீரரையும் சேர்த்து வெண்கலச் சிலை. இந்த ஊருக்கு இன்னொரு பெயரும் உண்டு: ஆர்செனிக் வைத்துக் கொன்றதாக 1873-இல் தூக்கிலிடப்பட்ட மேரி ஆன் காட்டன் வாழ்ந்த ஊர். அவளைத் தேடி வருகிறவர்களும் குறைவில்லையாம்.

தொழிலாளர் கிளப்பில் கோப்பை இருக்கிறது. அசல் அல்ல, நகல். அதற்கு வருமுன் அடகுக் கதை.

இரண்டு முறை டூரின் போய்வந்த செலவில் கிளப் கடனில் மூழ்கியது. உள்ளூர் வீட்ஷீஃப் விடுதியை நடத்திய அம்மாளிடம் கோப்பையை ஈடு வைத்து 40 பவுண்டு வாங்கினார்கள். கிளப் கலைந்து, 1914-இல் வெஸ்ட் ஆக்லாண்ட் டவுன் என்று மறுபடி எழுந்தது. கோப்பை மட்டும் திரும்பவில்லை. 1960-இல்தான், லிவர்பூலுக்குக் குடிபோயிருந்த அந்த அம்மாளைத் தேடிப்பிடித்து, ஊரே காசு திரட்டி 100 பவுண்டு கொடுத்து மீட்டது.

பழக்கதோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். அசல் 40, கூடுதலாகக் கொடுத்தது 60, காலம் ஏறக்குறைய ஐம்பது வருஷம். தனிவட்டி, ஆண்டுக்கு 3 சதவீதம். எங்கள் கவுண்டரில்கூட அந்த வட்டிக்குக் கடன் கிடைக்காது. தவணை தவறிய நகையை நாங்கள் ஏலத்தில் விட்டிருக்கிறோம். அந்த அம்மாள் அரை நூற்றாண்டு அதை விற்கவும் இல்லை, உருக்கவும் இல்லை. சிலை வைப்பதானால் அவருக்கும் ஒன்று வைத்திருக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

காலையில் தேநீரை எடுத்தபோது லிப்டன் நினைவு. கிளாஸ்கோவில் மளிகைக்கடை தொடங்கி வளர்ந்தவர். 1890-இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கினார். அப்புத்தளைக்கு மேலே டம்பேதென்ன அவருடையது. அங்கே கொழுந்து பறித்தவர்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிப் போனவர்கள், அவர்கள் பிள்ளைகள். கங்காணியிடம் வாங்கிய முன்பணம் தீராமல் லயத்திலேயே காலம் கழித்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். ஆக, கோப்பைக்கான வெள்ளி தேயிலைக் காசில் வந்தது. அதை விளையாடி வென்றதற்கான செலவு நிலக்கரிக் கூலியில் போனது. பெயர் மட்டும் லிப்டனுடையது. கொடையாளிகள் கோப்பை கொடுப்பார்கள், ரயில் கட்டணம் கொடுக்கமாட்டார்கள் போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

கிளப்பின் நல்ல காலம் டூரின் அல்ல, 1960 என்றே எனக்குப் படுகிறது. அடகு மீண்ட அதே பருவத்தில் நார்தர்ன் லீக் பட்டம், அடுத்த வருஷமும் பட்டம். 1961-இல் வெம்பிளியில் அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டம். வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 2–1 என்று தோல்வி. பக்கத்து ஊரான பிஷப் ஆக்லாண்ட் அதே அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை வென்றது. 1958-இல் மியூனிக் விமான விபத்தில் சிதைந்த மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆட்கள் கொடுத்து உதவியதும் அந்த ஊர்தான். அப்படிப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் நம் சாதனை யார் கண்ணிலும் படாது.

1960களிலேயே சுரங்கம் மூடப்பட்டது. கிளப் மூடவில்லை. 1982-இல் டென்னிஸ் வாட்டர்மேன் நடித்து டூரின் கதை தொலைக்காட்சிப் படமாக வந்தது. 1994 ஜனவரியில் கோப்பை திருடுபோனது. அடகிலிருந்து மீட்டதைத் திருடனிடமிருந்து மீட்க முடியவில்லை; இன்றுவரை கிடைக்கவில்லை. நகல் செய்துகொண்டார்கள். 2009-இல் நூற்றாண்டையொட்டி டூரின் போய் யுவென்டஸ் இளையோர் அணியிடம் 7–1 என்று தோற்றார்கள். அப்புறம் 2012, 2014 இரண்டு ஆண்டுகளிலும் சிறு கிளப்புகளுக்கான எஃப்.ஏ. வாஸ் இறுதி ஆட்டத்தில், மறுபடி வெம்பிளியில், மறுபடி தோல்வி.

மார்ச் 8, சனி

டார்லிங்டன் ரோடு மைதானத்தில் ஆட்டம் பார்த்தோம். ஆட்டம் சுமார்தான். வேலியை ஒட்டி நின்றால் வீரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது தெளிவாகக் கேட்கிறது. பக்கத்தில் நின்ற பெரியவர், தாத்தா கரி வெட்டியவர் என்றும், தான் சுரங்கத்தில் இறங்கியதே இல்லை என்றும் சொன்னார். யுவென்டஸ் பற்றிக் கேட்டேன். போன வாரம் கோட்டைவிட்ட பெனால்டியைப் பற்றித்தான் பேசினார். இடைவேளையில் சூடாகத் தேநீர். எந்தத் தோட்டத்து இலையோ.

டர்ஹாம் கதீட்ரலைப் பார்க்க வருகிற நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: பயணத்தில் ஒரு சனிக்கிழமை மதியத்தை ஒதுக்கி, இந்த மைதானத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போங்கள். இதுபோன்ற கிளப்புகள் வாசலில் வசூலாகும் சில்லறையை நம்பித்தான் நடக்கின்றன.