உன் நல்லதுக்குத்தான்

அனிமே பார்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: மாஸ்டர்மைண்ட் வில்லன்களில் பெரிய ஆள் யார்? 'டெத் நோட்' லைட் என்பான் ஒருத்தன். "ஐசென் முன்னாடி அவனெல்லாம் குழந்தைடா" என்பான் இன்னொருத்தன். கொஞ்சம் மூத்தவர் யாராவது இருந்தால் 'மான்ஸ்டர்' யோஹான் பெயரைச் சொல்லிவிட்டு, விவாதம் முடிந்துவிட்டது என்கிற தோரணையில் டீயை உறிஞ்சுவார். மூன்று பேருமே அழகன்கள். எதிராளியைவிடப் பத்து நகர்வு முன்னால் யோசிப்பவர்கள்.

நான் சொல்லும் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. ரூமி. (கவிஞர் இல்லை.) சடோஷி கோன் 1997இல் எடுத்த முதல் படமான 'பெர்ஃபெக்ட் ப்ளூ'வில் வரும் மேனேஜர். யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காத, எப்போதும் கையில் ஏதோ வேலையோடு நிற்கிற பெண். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு 81 நிமிடம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். இதற்கு மேல் எல்லாமே ஸ்பாய்லர்.

கதை சிக்கலில்லாமல்தான் தொடங்குகிறது. மீமா, 'சாம்' என்கிற மூன்று பெண்கள் கொண்ட பாப் குழுவில் பாடுகிறவள். ஏஜென்சி முதலாளி டடோகோரோ அவளை நடிகையாக்கப் பார்க்கிறார். பாட்டில் இனி காசு இல்லை என்பது அவர் கணக்கு. ரூமிக்கு அது பிடிக்கவில்லை. ரூமியும் ஒரு காலத்தில் ஐடல் பாடகியாக இருந்து மங்கிப்போனவள்.

என்னைப் பொறுத்தவரை படத்தின் மிக பயங்கரமான காட்சியில் ரத்தமே கிடையாது. ஒரு ரசிகர் கடிதத்தில் 'மீமாவின் அறை' என்று ஏதோ குறிப்பிட்டிருக்கிறது. அது என்னவென்று மீமாவுக்குப் புரியவில்லை. இன்டர்நெட்டில் ஒரு ஹோம்பேஜ் என்று ரூமிதான் விளக்குகிறாள். மீமா கணினி வாங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, எப்படித் திறப்பது, எங்கே அழுத்துவது என்று சொல்லிக்கொடுக்கிறாள். திரையில் மீமாவின் பெயரில் யாரோ எழுதும் டைரி விரிகிறது. ரயிலிலிருந்து இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைத்தாள் என்பதுவரை அதில் இருக்கிறது. முதலில் மீமாவுக்குச் சிரிப்புதான் வருகிறது. பிறகு சிரிப்பு நிற்கிறது.

அந்த டைரியை எழுதுபவளே ரூமிதான். இரண்டாவது தடவை பார்க்கும்போது இந்தக் காட்சியில் என்னால் அசையாமல் உட்கார முடியவில்லை. பொறியை வைத்தவளே கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "இங்க கால் வை, பயப்படாத" என்கிறாள். அந்த நேரத்தில் தான்தான் அதை எழுதுகிறோம் என்று ரூமிக்கே தெரியுமா என்பதில்தான் கோன் விளையாடுகிறார். ஐசெனுக்குத் தன் திட்டம் தெரியும். ரூமிக்குத் திட்டமே இல்லாமல் இருக்கலாம். இருப்பது ஒரு பாசம் மட்டும். அந்தப் பாசம் திரைக்கதை ஆசிரியரைக் கொல்கிறது, புகைப்படக்காரரைக் கொல்கிறது, 'மீ-மேனியா' என்கிற ரசிகனுக்கு 'உண்மையான மீமா'வாக மெயில் அனுப்பி, போலி மீமாவை ஒழித்துவிடு என்று ஏவுகிறது.

இதில் ரூமியைச் சும்மா பைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி கோன் ஒரு வேலை செய்திருக்கிறார்: ரூமி சொல்வது சரி. தொலைக்காட்சித் தொடருக்காக மீமா ஒரு வன்புணர்வுக் காட்சியில் நடிக்க வேண்டி வருகிறது. அறையில் அதை எதிர்க்கும் ஒரே ஆள் ரூமி. படப்பிடிப்பின்போது இரண்டு டேக்குகளுக்கு நடுவே எதிரில் நடிப்பவர் மீமாவிடம் மெதுவாக மன்னிப்புக் கேட்கிறார். அந்த நாகரிகம்தான் காட்சியை இன்னும் தாங்க முடியாததாக்குகிறது. ரூமி அழுதுகொண்டே வெளியே போய்விடுகிறாள். முதல்முறை பார்த்தபோது, அப்பாடா, இந்தப் பெண்ணுக்கு இவளாவது இருக்கிறாளே என்று நினைத்தேன். அந்தக் கண்ணீர் நடிப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் ரூமியை வெறுப்பது எவ்வளவு சுலபம்!

கல்லூரி விடுதியில் எனக்கு ஒரு அக்கா இருந்தாள். முதல் ஈமெயில் கணக்கைத் திறந்துகொடுத்தது அவள். "நீ மறந்துடுவடி, என்கிட்ட இருக்கட்டும்" என்று பாஸ்வேர்டைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் அனுப்பியது, காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தது எல்லாம் அவள்தான். இரண்டாம் ஆண்டில் ஒரு சிறுகதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. மாதங்கள் கழித்து எதையோ தேடப்போய் அனுப்பிய மெயில்களைப் பார்த்தால், கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நானே எழுதியிருக்கிறேன். என் 'வணக்கம் ஐயா', நான் வழக்கமாகப் போடும் மூன்று புள்ளிகள், 'முயற்ச்சி' என்று நான் விடும் ஒற்றுப்பிழைகூட அதில் இருந்தது. கேட்டபோது அக்கா அழுதாள். "உனக்கு இன்னும் பக்குவம் வரலடி. கிழிச்சுப் போட்டிருப்பாங்க. உன் நல்லதுக்குத்தான்." கதை சுமார்தான், அது வேறு விஷயம். ஆனால் அந்த மெயிலை வாசித்தபோது, ஒரு கணம், இதை நான்தான் எழுதி மறந்துவிட்டேனோ என்று நிஜமாகவே தோன்றியது. மீமா அந்த டைரியை வாசித்து வாசித்துத் தன் நாட்களை அதில் தேடத் தொடங்கும் இடம் வந்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பாஸ்வேர்டை மாற்றினேன். அக்காவோடு பேச்சு நிற்கவில்லை, குறைந்தது. கல்யாணத்துக்குப் போய் வந்தேன்.

படத்தின் கடைசிப் பகுதியில் மீமா விழிக்கும் அறை அவள் அறையேதான். ஆனால் செத்துப்போன மீன்கள் தொட்டியில் நீந்துகின்றன. அது ரூமியின் வீடு. ஒரு பெண்ணின் மாறாத நகலை வைத்துக்கொள்ள அவள் கட்டிய அருங்காட்சியகம். பிறகு துரத்தல். மேடை உடையில் துள்ளித் துள்ளிப் பறந்துவரும் அந்தப் பொய் மீமா, கடைக் கண்ணாடியில் மட்டும் மூச்சிரைத்து ஓடிவரும் ரூமியாகத் தெரிகிறாள். அவள் ஓட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பரிதாபம்தான் வருகிறது. காயத்தோடு தெருவில் தள்ளாடும் ரூமிக்கு, எதிரே வரும் லாரியின் விளக்கு மேடை வெளிச்சமாகப் படுகிறது. முகம் மலர்ந்து கை விரித்து நிற்கிறாள். மீமா பாய்ந்து அவளைத் தள்ளிக் காப்பாற்றுகிறாள்.

காலம் கழித்து, பெயர் பெற்ற நடிகையாக, மீமா மருத்துவமனைக்கு அவளைப் பார்க்க வருகிறாள். கையில் பூங்கொத்து. ரூமி இன்னமும் தன்னை மீமா என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். இன்றைய நான் இவளால்தான் என்கிற மாதிரி மருத்துவரிடம் மீமா சொல்லும்போது அந்தக் குரலில் கசப்பும் இல்லை, நன்றி என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.