நாட்குறிப்பு எழுதிய வீரர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

வீரம் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவன திரண்ட தோள்களும் உயர்ந்த கால்களுமே. ஏடும் எழுதுகோலும் எவர் நினைவுக்கும் வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை.

எட்டாம் வகுப்பில் படித்தபோது எங்கள் ஊர்ப் பையன்களுக்கெல்லாம் புரூஸ் லீ பைத்தியம். 'எண்டர் தி டிராகன்' பார்த்துவிட்டு, அப்பாவின் மண்வெட்டிக் காம்பை இரண்டாக அறுத்து, சைக்கிள் சங்கிலியால் இணைத்துச் சுழற்றினேன். முதல் அடி என் நெற்றியில் விழுந்தது. இரண்டாம் அடி அப்பா கையால் முதுகில் விழுந்தது. அத்தோடு என் வீர வாழ்க்கை முடிந்தது!

மீண்டும் நான் அவரைச் சந்தித்தது சென்ற கோடை விடுமுறையில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த எனக்கு ஆங்கிலப் பாடங்கள் காட்டாறாய்த் தெரிந்தன. முதலாண்டில் துணைப்பாடமான கணிதத்தில் தோற்றேன். அப்பாவிடம் சொல்ல நாவெழவில்லை. அவரோடு செங்கல் சூளைக்கே போய்விடலாமா என்றுகூட எண்ணினேன். அந்நாளில்தான் நூலகத்தில் புரூஸ் லீயின் வாழ்க்கை வரலாறு கையில் அகப்பட்டது. திரையில் கண்டவர் வேறு, ஏட்டில் கண்டவர் வேறு!

1940 நவம்பர் 27-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்தவர் அவர். தந்தை சீன இசைநாடக நடிகர். பதின்ம வயதில் இப் மான் என்ற ஆசானிடம் 'விங் சுன்' என்னும் குங்ஃபூ முறையைக் கற்றார். 1958-இல் ஹாங்காங்கில் சா-சா நடனப் போட்டியில் முதற்பரிசும் பெற்றார். தெருச்சண்டைகளில் மகன் சீரழிவானோ என்று அஞ்சிய பெற்றோர், 1959-இல் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினர். கையில் 100 டாலர். சியாட்டில் நகரில் ஓர் உணவகத்தில் பரிமாறினார். அங்கேயே சிற்றறை ஒன்றில் தங்கிப் படித்தார். 1961-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் பட்டம் பெறாமலே வெளியேறினார் என்று படித்தபோது எனக்குத் துணுக்கென்றது. எனினும் அவர் கற்பதை விட்டாரில்லை. தத்துவமும் உடற்பயிற்சியும் குத்துச்சண்டையும் பற்றிய நூல்களை வாங்கிக் குவித்துப் படித்தார்.

1964-இல் லாங் பீச் நகரில் நடந்த கராத்தே விழாவில் அவர் காட்டிய 'ஓர் அங்குலக் குத்து' புகழ்பெற்றது. எதிரே நிற்பவரின் மார்புக்கும் கைமுட்டிக்கும் இடையே ஓர் அங்குலமே இருக்கும். குத்து விழுந்ததும் அவர் பின்னே தள்ளப்பட்டு நாற்காலியில் போய் விழுவார். இது மாயமா, மந்திரமா? இரண்டுமில்லை. விசை கையில் பிறப்பதில்லை, காலில் பிறக்கிறது. முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என ஒவ்வொன்றும் உரிய கணத்தில் நிமிர, உடல் முழுவதன் உந்தமும் முட்டியில் வந்து சேர்கிறது. நாம் காண்பது ஓர் அங்குலம். நாம் காணாதது ஆண்டுக்கணக்கான பயிற்சி.

அதே ஆண்டின் இறுதியில் ஓக்லாந்தில் வோங் ஜாக் மேன் என்பவரோடு அவர் மோதினார். வென்றவர் யார் என்பதில் இன்றும் இரு கட்சி உண்டு. ஆனால் சண்டைக்குப் பின் புரூஸ் லீ தம்மீதே சினம் கொண்டார். சில நிமிடங்களில் மூச்சு இரைத்துவிட்டதே, கற்ற முறை கைகொடுக்கவில்லையே என்று தம் குறையை ஆராய்ந்தார். ஓட்டம், கயிறு தாண்டுதல், எடை தூக்குதல் என்று பயிற்சியை மாற்றினார். குத்துச்சண்டையிலிருந்தும் வாட்சண்டையிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டு 'ஜீத் குன் டோ' என்ற தம் வழியை வகுத்தார். எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

1970-இல் எடை தூக்கும்போது முதுகு நரம்பு பழுதுபட்டது. இனிக் கால் தூக்கி உதைக்கவே முடியாது என்றனர் மருத்துவர்கள். படுக்கையில் கிடந்த மாதங்களில் அவர் குறிப்பேடுகளை நிரப்பினார். அவையே அவர் மறைவுக்குப் பின் 1975-இல் நூலாயின. எழுந்து நடந்தார், உதைக்கவும் செய்தார். 1971-இல் 'தி பிக் பாஸ்' ஹாங்காங்கில் வசூல் சாதனை படைத்தது. உலகமே கண்டு வியந்த அந்த உதைகள் யாவும் முதுகுவலியோடு உதைத்தவை என்றால் நம்ப முடிகிறதா? 1973 ஜூலை 20-இல், 32 வயதில், மூளை வீக்கத்தால் மறைந்தார். 'எண்டர் தி டிராகன்' அமெரிக்காவில் வெளியானபோது அவர் இல்லை.

புத்தகத்தை மூடிய அன்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தவறிய கணக்குகளை மட்டும் அதில் எழுதினேன். எந்த வரியில் தவறினேன் என்பதைச் சிவப்பு மையால் குறித்தேன். ஒருநாள் இரவு அப்பா அதைப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, சிவப்பு தெரியும்.

"ஏம்பா, என்ன இது இத்தனை சிவப்பு?"

"நான் தப்பாப் போட்ட கணக்குப்பா. போன பரீட்சையில ஃபெயில் ஆயிட்டேன்."

சொல்லிவிட்டேன். அவர் அடிக்கவில்லை. சற்று நேரம் நோட்டையே பார்த்திருந்துவிட்டு, "சூளையிலயும் வெடிச்ச கல்லைத் தனியா எடுத்து வச்சுப் பார்ப்போம்ப்பா. மண்ணு கோளாறா, தீ கோளாறான்னு அப்பத்தான் தெரியும்" என்றார்.

நவம்பர்த் தேர்வில் 47 மதிப்பெண் பெற்றேன். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நான் எழுதிப் பெற்றது. நோட்டில் இன்னும் ஆறு பக்கங்கள் மீதமிருக்கின்றன.

நண்பர்களே! அவரைப் போல நாமெல்லாம் உதைக்க வேண்டியதில்லை. மண்வெட்டிக் காம்பை அறுக்கவும் வேண்டாம். நம் தவறுகளை நாமே எழுதி வைக்கும் துணிவு ஒன்று போதும். அதுவும் வீரமே!