இரண்டு அங்குல வித்தியாசம்

சென்ற ஐப்பசியில் பேத்தி பாரிசிலிருந்து போனில் கேட்டாள். "ஆயா, தாத்தா சட்டையெல்லாம் இன்னும் பீரோவுலதான் இருக்கா? அதுல எனக்கு ஒரு குவில்ட் தச்சுத் தரியா?"

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. கோடு போட்ட பருத்திச் சட்டைதான் போடுவார். பன்னிரண்டு சட்டைகள் இருந்தன. யாருக்கும் கொடுக்க மனம் வராமல் வைத்திருந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

கணக்குப் போட்டேன். ஒரு சட்டையிலிருந்து 3 அங்குல அகலம், 25 அங்குல நீளத்தில் ஐந்து துண்டு. மூன்று துண்டுகளை நுனியோடு நுனி சேர்த்தால், தையலுக்குப் போக 74 அங்குலத்தில் ஒரு பட்டை. அப்படி இருபது பட்டைகளைப் பக்கவாட்டில் இணைத்தால் போர்வை. அறுபது துண்டுகளுக்குச் சட்டைகள் சரியாக இருந்தன. ஒன்று கெட்டாலும் மாற்று கிடையாது.

எட்டுப் பட்டைகளை இணைத்ததும் தரையில் விரித்துப் பார்த்தேன். வில் மாதிரி வளைந்திருந்தது. ஒரு ஓரம் 74 அங்குலம், மறு ஓரம் 76. நடுவில் அப்பளம் போல உப்பல் வேறு.

கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன், கூடுதலை வெட்டிவிடலாம் என்று. அப்போது பழைய ஞாபகம் வந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மாதக் கணக்கு ஐந்து ரூபாய் இடித்தது. கூட்டுத்தொகையைத் திருத்தி நேராக்கிவிட்டேன். சூப்பரிண்டெண்ட் கண்டுபிடித்துவிட்டார். "எண்ணைத் திருத்தாதம்மா, தப்பு எங்கேன்னு தேடு" என்றார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

தேடியதில் மூன்று தப்புகள் அகப்பட்டன.

முதலாவது, வெட்டிய விதம். நெய்த கோடு பாவு நூலோடு நேராக ஓடும். அச்சடித்த கோடு சில சமயம் சாய்ந்து ஓடும். நீலச் சட்டையின் கோடு அச்சு என்பதைக் கவனிக்காமல் அதையே பார்த்து வெட்டியிருந்தேன். நூலுக்குக் குறுக்காக வெட்டிய துணி ரப்பர் மாதிரி நீளும். நம்மூர் டெய்லர்கள் இதைக் 'கிராஸ்' என்பார்கள். எங்கள் பள்ளித் தையல் வகுப்பில் 'பியே' என்று சொல்லிக்கொடுத்தார்கள். நேர் நூலுக்கு 'ட்ருவா ஃபில்'. பிரெஞ்சில் படித்த அந்தப் பாடம் அறுபது வருடம் கழித்து உதவியது!

இரண்டாவது, ஏழு தையலையும் மேலிருந்து கீழாகவே போட்டிருந்தேன். மெஷினின் பல் கீழ்த்துணியை முன்னே இழுக்கும், ஃபுட் மேல்துணியைப் பின்னே தள்ளும். ஒவ்வொரு தையலிலும் நூலளவு வித்தியாசம் ஒரே பக்கம் சேர்ந்து வளைந்துவிட்டது.

மூன்றாவது என் கை. நுனி சேராத இடத்திலெல்லாம் இழுத்துப் பிடித்துத் தைத்தேன். பிறகு நீராவி இஸ்திரியால் பட்டை நீளத்துக்கும் தேய்த்தேன். வகுப்பில் அந்த மதர் "நெ தீரே பா!" என்று அதட்டுவார். இழுக்காதே என்று அர்த்தம். கேட்டிருந்தால்தானே.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். துண்டுகளைக் கஞ்சியில் நனைத்து, இழுக்காமல் சமமாகப் பரப்பிக் காயவைத்ததில் நீண்டது பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்தது. இஸ்திரியை நகர்த்தாமல், வைத்து வைத்து எடுத்தேன். பட்டைகளின் நடுவையும் கால் பாகங்களையும் குறித்து, குறிக்குக் குறி குண்டூசி குத்தினேன். ஒரு தையல் மேலிருந்து கீழே, அடுத்தது கீழிருந்து மேலே. கொஞ்சம் கூடுதலாக இருந்த பட்டையை அடியில் வைத்தேன், பல்லே அதை உள்வாங்கிக்கொண்டது.

நீலச் சட்டையின் ஐந்து துண்டுகள் மட்டும் அடங்கவில்லை. நான் ரிட்டையர் ஆன அன்று என்னை அழைத்துப்போக ஆபீஸ் வாசலில் அவர் வந்து நின்ற சட்டை அது. விட்டுவிட முடியுமா? மெல்லிய மல் துணியை நேர் நூலில் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் வைத்து ஓரம் தைத்தேன். அதற்குப் பிறகு அசையவில்லை.

இருபது பட்டையும் சேர்ந்தபின் டேப் பிடித்தேன். இடது ஓரம் 74, நடு 74, வலது ஓரம் 74 அங்குலமும் ஒரு கால் அங்குலமும். அந்தக் கால் அங்குலத்தை அப்படியே விட்டுவிட்டேன். மார்கழியில் மகள் வரும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.