மூத்தம்மாவின் கெப்சூல் பிள்ளைக்கு மருந்தல்ல



நம்ம பக்கம் பிள்ளை வயிற்றைப் பிடித்தால் உடனே சொல்வது "கேஸ்ட்ரைட்டிஸ்". அடுத்த நிமிடம் பெரியவர்களின் கிளினிக் மருந்துப் பையிலிருந்து ஒமெப்ரசோல் கெப்சூல் ஒன்று வெளியே வரும். தோட்டத்திலும் இதுதான், டவுனிலும் இதுதான். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒமெப்ரசோல் நல்ல மருந்து. வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும். புண் ஆறவும், அமிலம் மேலே ஏறித் தொண்டை எரிவது குறையவும் உதவும். பிள்ளைகளுக்கும் வைத்தியர்கள் தருகிறார்கள். ஆனால் எல்லா வயிற்றுவலியும் அமிலத்தால் வருவதில்லை.

என் வகுப்பில் தரம் 4 படித்த ஒரு பிள்ளை. ஒரு மாதத்துக்கு மேல் மூத்தம்மாவின் கெப்சூலைக் குடித்தாள். வலி போகவில்லை. "சேர், மருந்தும் கேட்குதில்லயே" என்று உம்மா அழுதார். பிள்ளை வைத்தியரிடம் காட்டியபோது தெரிந்தது மலச்சிக்கல். பள்ளிக்கூடத்தில் போக வெட்கப்பட்டு நாள் கணக்கில் அடக்கியிருக்கிறாள். காலையில் பிளேன்டீ மட்டும்தான். அந்தக் கெப்சூலுக்கும் அவள் நோவுக்கும் சம்பந்தமே இல்லை.

இது ஒரு பிள்ளையின் கதை மட்டுமல்ல. நம் நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளிடம் பேராசிரியர்கள் நிரங்கா தேவநாராயண, ஷமன் ராஜீந்திரஜித் ஆகியோர் செய்த ஆய்வுகளிலும், திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலியில் பெரும்பாலானவற்றுக்குப் புண்ணோ வேறு உடல் நோயோ காரணமாக இருக்கவில்லை.

சரி, வைத்தியர் ஒமெப்ரசோல் எழுதித் தந்தால் என்ன செய்வது?

அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. 10 முதல் 20 கிலோ வரை உள்ள பிள்ளைக்கு வழக்கமாகத் தொடங்குவது நாளுக்கு 10 மில்லிகிராம். பெரியவர்களின் கெப்சூலில் பெரும்பாலும் 20 இருக்கும்.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். விழுங்க முடியாவிட்டால் கெப்சூலைத் திறக்கலாமா என்று பார்மசியில் கேளுங்கள். திறந்தாலும் உள்ளே இருக்கும் சிறு மணிகளை நசுக்கவோ மெல்லவோ கூடாது. அவற்றின் மேல்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும். ஒரு கரண்டி யோகட்டில் போட்டு உடனே விழுங்கச் செய்யலாம்.

எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பொதுவாக 4 முதல் 8 வாரத்தில் திரும்பக் காட்டச் சொல்வார்கள். வயிற்று அமிலம் கிருமிகளையும் கொல்கிறது. அதைத் தேவையில்லாமல் நீண்ட நாள் அடக்கினால் வயிற்றோட்டம், சளிக்காய்ச்சல் போன்ற தொற்றுகள் கூடலாம்.

கைக்குழந்தை பால் கக்குகிறதா? எடை ஏறி, சிரித்து விளையாடினால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு வயதை ஒட்டி அநேகமாகத் தானாகவே நின்றுவிடும். இந்த மருந்து கக்குவதை நிறுத்தாது.

பெட்டியில் கம்பனிப் பெயரை விட மருந்தின் பெயரைப் பாருங்கள். இரண்டு பெட்டியிலும் ஒரே மருந்து இருந்தால் பிள்ளைக்கு இரட்டிப்பு அளவு போய்விடும். மருந்தை அதன் சொந்தப் பெயரால் அறிய வேண்டும் என்று போராடியவர், பெயரிலேயே நம் மாவட்டத்துப் பிபிலையைச் சுமந்த பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. பழைய ரனிடிடின் குளிசை வீட்டில் கிடந்தால் கொடுக்க வேண்டாம். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கலப்பு இருந்ததால் 2020இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்தே அகற்றச் சொன்னது.

இவற்றைக் கண்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம்: இரத்த வாந்தி, பச்சை வாந்தி, தார் போல் கறுத்த மலம், எடை குறைதல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, விழுங்கக் கஷ்டம். இரத்தமோ பச்சை வாந்தியோ என்றால் காத்திருக்காமல் 1990 சுவசெரியவுக்கு அழையுங்கள்.

நோன்பு காலத்தில் பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. வயிறு எரிகிறது என்று அழும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

நாளைக் காலை பிள்ளைக்கு ஒரு துண்டு ரொட்டியாவது கொடுத்து அனுப்புங்கள். வயிறு வலிக்கிறது என்றால் "கடைசியாக எப்போது மலம் போனாய்?" என்று முதலில் கேளுங்கள். மூத்தம்மாவின் மருந்துப் பை மூத்தம்மாவுக்கே இருக்கட்டும்.