படிப்பவர் எங்கே?

எழுதுகிறவன் தான் எழுதியதை யார் படித்தார் என்று கேட்க அஞ்சுவான். நாமும் சில காலம் அஞ்சியிருந்தோம். பின்னர் ஒருநாள், நாம் கேளாமலே விடை நம் வாயிலில் வந்து நின்றது. அவ்விடை நமக்கு உவப்பானதன்று. ஆயினும் நம்மைப் போல் எழுதுகோல் பிடிக்கும் தோட்டத்து நண்பர்க்கும் பட்டணத்து நண்பர்க்கும் பயன்படக் கூடுமாதலின், அதனை ஒளியாது உரைக்கக் கருதுகிறோம்.

நாம் சிரம்பானை அடுத்த அம்பாங்கானிற் குடியிருப்பவர். தோட்டமொன்றிற் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் நம்முடையது. ஒரு காலத்திற் பால்மரம் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனையும் நில்லாத இடங்களில் வீடுகள் நிற்கின்றன. விடியலிற் பிரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடுங்கால், தமிழ்ப் பெயர்களைக் காட்டிலும் வங்காளதேசத்துப் பெயர்களும் இந்தோனேசியப் பெயர்களுமே மிகுதியாக ஒலிக்கின்றன. லயத்தில் எஞ்சியிருப்பவை 19 தமிழ்க் குடும்பங்கள். ஏனையோர் அம்பாங்கானிலும் பாரோயிலும் செனவாங்கிலும் அடுக்கு வீடுகளிற் குடியேறித் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். எனினும் திருவிழாவிற்கும் சாவிற்கும் அவர்கள் தோட்டத்தை மறப்பதில்லை.

நாம் பயின்றது ஆங்கில வழியில். தமிழை வீட்டிலே தந்தையாரிடத்தும், அவர் விட்டுச் சென்ற பழைய ஏடுகளிடத்தும் கற்றோம். இவ்வாறு கற்றவரைப் பற்றும் நோய் ஒன்று உண்டு. எழுத உட்கார்ந்தால் இறங்கி வரமாட்டார். இக்கட்டுரையே அதற்குச் சான்றென்று நேயர்கள் நகைப்பாராயின் நாமும் உடன் நகைப்போம்.

சில ஆண்டுகட்கு முன்னர், ஞாயிறுதோறும் ஒரு சிறு கட்டுரை எழுதத் தொடங்கினோம். நோக்கம் நல்லது. சம்பளச் சீட்டைப் படிப்பது எங்ஙனம், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழைபட்டால் யாது செய்வது, ஊழியர் சேமநிதியில் எவரை வாரிசாக நியமிப்பது என்று தொழிலாளர் அறிய வேண்டுவனவற்றை எழுதினோம். எழுதியதை முகநூலில் இட்டோம். முகநூல் போதாதென்று படவரியிலும் இட்டோம், கீச்சகத்திலும் இட்டோம். எத்தனை வாயிலுண்டோ அத்தனை வாயிலிலும் நின்று கூவுவதே வாசகரைப் பெருக்கும் வழியென்று எண்ணினோம். சென்னையிலிருந்து பாராட்டு வந்தது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, டொராண்டோவிலிருந்தும் வந்தது. விருப்பக் குறிகளை இரவிற் படுக்குமுன் ஒருமுறையும் காலையில் எழுந்தவுடன் ஒருமுறையும் எண்ணுவோம். கிராணி அல்லவா? எண்ணுவது நமக்குப் பழகிய தொழில். நம் இல்லாள் இதனைக் கண்டு, “தோட்டத்துக் கணக்கு முடிந்து இப்போது இந்தக் கணக்கா?” என்று கேட்டதுண்டு.

சேமநிதி வாரிசு நியமனம் பற்றிய கட்டுரை 412 விருப்பங்களைப் பெற்றது. அது வெளிவந்து எட்டுத் திங்கள் சென்றபின், நம் தோட்டத்திற் குலை வெட்டும் தொழிலாளர் ஒருவர் மார்வலியால் திடீரென மாண்டார். அவருக்கு வயது 51. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவியார் நம் அலுவலக வாயிலில் வந்து நின்றார்.

“ஐயா, அவருக்கு சேமநிதியில பணம் இருக்குன்னு சொல்றாங்க. யார் பேருக்கு எழுதி வச்சாரோ தெரியல. கொஞ்சம் கூட வந்து கேட்டுச் சொல்லுங்கய்யா.”

சிரம்பானுக்கு அவரை அழைத்துச் சென்றோம். எவர் பெயரும் எழுதப்படவில்லை. நியமனம் செய்யாது இறந்தவரின் சேமிப்பு பெருந்தொகையாயின், அதனைக் குடும்பத்தார் முழுதும் பெறுதற்கு நிர்வாக உரிமைப் பத்திரம் வேண்டும், அதற்கு விண்ணப்பம் வேண்டும், சான்றுகள் வேண்டும், அலைச்சல் வேண்டும். உயிரோடிருந்த காலத்தில் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கக் கூடிய காரியம் அது. இவை யாவும் நம் கட்டுரையில் இருந்தன. அழகாகவும் இருந்தன.

திரும்பும் வழியில், வெட்கத்தை விட்டு, அக்கட்டுரையை அவர் கணவர் பார்த்ததுண்டா என்று வினவினோம். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அவரு டிக்டாக் பார்ப்பாரு. புலனத்துல யாராச்சும் பேசி அனுப்புனா கேட்பாரு. எழுத்து நீளமா இருந்தா தள்ளிடுவாருங்க. நம்ம வீட்டுக்கும் உங்க ஆபீசுக்கும் நாற்பதடிதானேங்கய்யா. நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

டொராண்டோ வரை சென்ற எழுத்து நாற்பதடி செல்லவில்லை. அன்றிரவு நாம் ஒன்றையும் எண்ணவில்லை.

பின்னர் ஒரு நாள், நம் தந்தையாரின் தோழரும் முன்னாள் தண்டலுமாகிய பெரியவரிடம் இதனைச் சொல்லி வருந்தினோம். தொண்ணூறை நெருங்கியவர்; காது மங்கினும் நினைவு மங்காதவர். யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில் தாம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்திருந்ததையும், பட்டணத்திலிருந்து ஓரிரு நாள் தாமதித்து வரும் ‘தமிழ் முரசு’ இதழை மாலையில் முடிதிருத்தும் கொட்டகையில் உரக்கப் படித்ததையும் கூறினார். பால்வாளியைக் கழுவி வைத்துவிட்டு வந்தோர் சுற்றிலும் குந்தியிருப்பர். புரியாத சொல் வந்தால் நிறுத்தச் சொல்வர். சிலபோது ஒரு செய்தியின்மேல் அரைமணி நேரம் வழக்காடுவர்.

“வந்தது ஒரு பேப்பர். படிச்சது நான் ஒருத்தன். கேட்டது முப்பது பேர். உன் கணக்குல இது எத்தனை, தம்பி?” என்றார்.

நமக்கு விடை தெரியவில்லை.

பெரியவர் பழைய பொருள்களைப் புரட்டச் செய்துவிட்டார். மலாயாவிலும் சிங்கையிலும் தமிழ் இதழ் நடத்தினோர் வாசகரைத் தேடியது புதிய கதையன்று. சிங்கப்பூரில் 1887-இல் மகதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கினார்; மூன்றாண்டளவில் அது நின்றது. கோலாலம்பூரில் 1924-இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிற்கும் வரை ஏறத்தாழ 95 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது. 1935-இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைக் கிழமை ஏடாக வெளியிட்டார். இரண்டாண்டுகளில் அது நாளேடாயிற்று. சிங்கையில் இன்றும் வெளிவருகிறது. அவர் ஏட்டை அச்சிட்டு அனுப்பிவிட்டு ஓய்ந்தவரல்லர். 1950-களில் குடியுரிமை பதிந்துகொள்ளுமாறு தமிழரை இடைவிடாது வற்புறுத்தினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று போராடி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டியபோது, எளிய தொழிலாளரும் தம்மால் இயன்ற சிறு தொகையைத் தந்தனர். கூலியிலிருந்து காசெடுத்துத் தருகிறவன் அவ்வேட்டைத் தன்னுடையதென்று கருதியிருக்க வேண்டும். நம் 412 பேரில் ஒருவரிடம் ஒரு வெள்ளி கேட்டிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவும் நாம் விரும்பவில்லை.

‘தமிழ் நேசன்’ செய்த ஒரு காரியமும் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 1950-ஐ ஒட்டி அவ்விதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ என்றொன்றை நடத்தினர். வாசகர்க்குச் சிறுகதை எழுதும் முறையை ஏட்டின் வாயிலாகவே கற்பித்து, அவர்களை எழுதச் செய்தனர். அதிலிருந்து கிளைத்த எழுத்தாளர் பலர். படித்துக்கொண்டிருந்தவனை ‘நீயும் பேசு’ என்று அழைத்தால், அவன் அடுத்த கிழமையும் அவ்வேட்டைத் தேடாமல் இருப்பானா?

உரக்கப் படிக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதென்று கருதிவிட வேண்டா. தமிழகத்திற் சுயமரியாதை இயக்கத்தாரின் படிப்பகங்களில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். 1942-இல் மதுரையில் ஆதித்தனார் ‘தந்தி’யைத் தொடங்கி எளிய நடையைக் கையாண்டபின், தேநீர்க் கடைகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. கடல் கடந்த கியூபாவில் நடந்ததோ இன்னும் வியப்புக்குரியது. அவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையொன்றில், 1865-இல், தொழிலாளர் இலை சுருட்டிக் கொண்டிருக்கையில் ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து செய்தித்தாளும் கதைப் புத்தகமும் படிக்கும் வழக்கம் தோன்றிற்று. படிப்பவருக்குக் கூலி முதலாளி கொடுத்ததன்று. தொழிலாளரே தம் கூலியிற் பங்கிட்டுக் கொடுத்தனர். அவர்கள் மிக விரும்பிக் கேட்ட பிரெஞ்சு நாவல் ஒன்றின் பெயர், ‘மாண்டிகிறிஸ்டோ’ என்று, ஒருவகைச் சுருட்டுக்கே பிற்காலத்தில் வைக்கப்பட்டது. அமெரிக்காவின் டாம்பா நகருக்குக் குடியேறியபோதும் தொழிலாளர் அவ்வழக்கத்தை உடன்கொண்டு சென்றனர். அங்கே 1931-இல் ஆலை முதலாளிகள் அதற்கு முடிவு கட்டினர். கேட்கும் கூட்டம் சிந்திக்கவும் தொடங்கும் என்ற அச்சமே காரணம்.

இவற்றையெல்லாம் படித்த பின்னும் நாம் உடனே திருந்திவிட்டோம் என்று நேயர்கள் கருத வேண்டா. முதலிற் செய்தது இது: புலனம் என்று நம்மவர் வழங்கும் வாட்ஸ்அப்பில், லயத்துக் குடும்பங்களையும் பட்டணத்திற் குடியேறியோரையும் ஒரு குழுவாகச் சேர்த்தோம். பழைய கட்டுரையை அப்படியே உரக்கப் படித்து, பதினைந்து நிமிடக் குரற்பதிவாக அனுப்பினோம். ஒரு நாள் முழுதும் மறுமொழி இல்லை. மாலையில் ஆயாக் கொட்டகையில் வேலை செய்யும் அக்கா ஒருவரிடமிருந்து வந்தது: “கிராணியாரே, செய்தி வாசிக்கிறீங்களா?”

இரண்டாம் பதிவு இரண்டு நிமிடம். அதனை ஒரு கேள்வியோடு தொடங்கினோம். லயத்தில் ஒருவர் நம்மிடம் நேரிற் கேட்ட கேள்வி அது. அவர் ஒப்புதலோடு, பெயர் சொல்லாமல் எடுத்துரைத்தோம். யார் கேட்டதென்று அரைமணி நேரத்தில் யாவரும் கண்டுபிடித்துவிட்டனர் என்பது வேறு கதை. அதன்பின் கேள்விகள் தாமே வந்தன. செனவாங்கில் வேலை செய்யும் மகன் தன் தாய்க்கு அனுப்புகிறான்; தாய் அடுத்த வீட்டாருக்குப் போட்டுக் காட்டுகிறாள். எத்தனை பேர் கேட்டனர் என்று நமக்குத் தெரியாது. தெரியாமலிருப்பது முதலில் உறுத்திற்று. இப்பொழுதும் சிறிது உறுத்துகிறது.

குரலுக்கும் எல்லையுண்டு. படிவத்தைக் குரல் நிரப்பாது. ஆகவே சனிக்கிழமை மாலைகளில் மளிகைக் கடை வாயிலில், சிறு மேசையொன்றுடன் உட்காருகிறோம். கைப்பேசி இல்லாத முதியோர் அங்கே வருவர். படவரியையும் கீச்சகத்தையும் விட்டுவிட்டோம். அவை தீயவை என்பதனாலன்று, நம் மக்கள் அங்கே இல்லை என்பதனால். முகநூலைச் செனவாங்கு நண்பர்க்காக வைத்திருக்கிறோம். டிக்டாக் ஒன்றுதான் தீராத வழக்கு. இளைஞர் யாவரும் அங்கேதான் இருக்கின்றனர். நம் தமக்கை மகள், “மாமா, நீங்க பேசுங்க, நான் படம் பிடிக்கிறேன்,” என்று மூன்று திங்களாக வற்புறுத்துகிறாள். கேமராவின் முன் நின்றவுடன் நமக்கு நா எழுவதில்லை. மறைந்த அத்தொழிலாளர் பார்த்தது அதுவே யென்பதை நாம் மறக்கவுமில்லை.

19 குடும்பங்களில் இதுவரை 17 குடும்பத்தார் வாரிசு நியமனத்தை முடித்துள்ளனர். எஞ்சிய இரண்டில் ஒருவர், “எழுதி வைத்தால் சாவு வரும்” என்று அஞ்சுகிறார். அவரிடம் பெரியவரை அனுப்பியிருக்கிறோம். தொண்ணூறு வயதாகியும், தம் பெயரிலுள்ள யாவற்றையும் எழுதி வைத்தபின்னும் உயிரோடிருக்கும் ஒருவரைக் காட்டுவதைவிடச் சிறந்த கட்டுரையை நம்மால் எழுத முடியாது.

அந்த அம்மையாருக்குப் பணம் வந்து சேர ஓராண்டுக்கு மேலாயிற்று. நம்மிடம் அவர் முகங்கொடுத்துப் பேசினும், பழைய நெருக்கம் இல்லை. அதனை நாம் எதிர்பார்க்கவும் கூடாது. சென்ற கிழமை மேசையருகே வந்து நின்று, அடுத்தது எதைப் பற்றி என்று கேட்டார். பிறப்புப் பத்திரம் என்றோம்.

“நீளமா வேணாங்கய்யா,” என்று சொல்லிவிட்டு, உப்பு வாங்கிக்கொண்டு போனார்.